கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மேசனைக் கூப்பிடுங்கள்

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் வளவு 18 பேர்ச். வீடு கட்டி நாலு வருஷம். முதல் இரண்டு மாரியும் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டு உயர்த்தினார்கள். பக்கத்து வளவுக்காரரும் கிறவல் கொட்டி மதில் கட்டிவிட்டார். இப்போது கார்த்திகை பிறந்தால் வீட்டுக்குப் பின்னால் கணுக்கால் அளவு தண்ணீர். பத்து நாள் போனாலும் வற்றாது. இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று விளம்பரம் போடுகிற ஒருவர், வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதித்து, ஓரத்தில் புல் வைத்து, பின்னால் ஒரு உறிஞ்சுகுழி வெட்டினால் போதும் என்கிறார். பாதிக் காசு முற்பணமாக வேண்டுமாம். வீடு கட்டிய மேசனோ எட்டு டிப்பர் கிறவல் கொட்டச் சொல்கிறார். யாரை நம்புவது? தகுதியான ஆள் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? பப்பாசியும் முருங்கையும் இரண்டு வருஷமாக அழுகிச் சாகின்றன. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்."

வந்த இரண்டு பேரில் யாராவது உங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்களா? பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பார்த்திருந்தால் உறிஞ்சுகுழி என்ற பேச்சே வந்திருக்காது.

கல்லடி இருக்கிற எழுவான்கரை மணல் நிலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. ஆடி மாதத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விடும். அதே மணல் மார்கழியில் ஒரு சொட்டும் வாங்காது, ஏனென்றால் அது அடியிலிருந்தே நிரம்பியிருக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை பெய்கிற மழையில் நிலத்தடி நீர் மேலேறி, சில இடங்களில் நில மட்டத்தையே தொட்டுவிடும். அது எவ்வளவு ஏறுகிறது என்று காட்டுகிற கருவி உங்கள் வளவிலேயே இருக்கிறது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் கிணற்றில் தண்ணீர் நிலத்துக்கு எத்தனை அங்குலம் கீழே நிற்கிறது என்று பாருங்கள். அரை அடி கீழே நின்றால், நாலடி ஆழத்துக்கு வெட்டுகிற உறிஞ்சுகுழியில் மூன்றரை அடிக்கு ஏற்கனவே தண்ணீர் நிற்கும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வீட்டு வளவில் ஆவணி மாதம் ஒரு குழி வெட்டினேன். கருங்கல் நிரப்பி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பிரமாதமாக இழுத்தது. மார்கழியில் அதற்குள் தவளை குடியிருந்தது. வெயில் காலத்தில் செய்கிற சோதனையை இந்தப் பக்கம் நம்பக் கூடாது என்பதை அன்றைக்குப் படித்துக்கொண்டேன்.

கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை நமக்குப் புதிதல்ல. 1,200 சதுர அடிக் கூரையில் அவ்வளவு மழை விழுந்தால் ஏறக்குறைய 11,000 லீற்றர். 18 பேர்ச் வளவு முழுவதுக்கும் 45,000 லீற்றருக்கு மேல். நாலடி நீள, அகல, ஆழக் குழியின் கொள்ளளவு 1,800 லீற்றர்தான், அதையும் கல்லால் நிரப்பினால் தண்ணீருக்கு மிஞ்சுகிற இடம் 700 லீற்றர் அளவு. அடியில் மணல் காய்ந்து கிடந்தாலே இது போதாது.

அப்படியானால் முதல் இரண்டு மாரியும் தண்ணீர் எங்கே போனது? உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அப்போதும் அது நிலத்துக்குள் போயிருக்காது. ஒழுங்கைக்கும் பக்கத்து வளவுக்கும் வழிந்து போயிருக்கும். அந்த இரண்டு வாசலும் அடைபட்டுவிட்டன. ஆகவே வேலை என்னவென்றால், போகிற வழியைத் திரும்ப உண்டாக்குவது. இன்டர்லொக் கல்லும் கிறவலும் வழி உண்டாக்காது. வளவு முழுக்கக் கல் பதித்தால், மண்ணில் கொஞ்ச நஞ்சம் இறங்குகிற தண்ணீரும் சேர்ந்து தாழ்ந்த மூலைக்கு ஓடி வரும். களி கலந்த கிறவலை இறுக்கி அமர்த்தினால் அதுவும் கிட்டத்தட்ட சீமெந்துத் தரை மாதிரித்தான். எட்டு டிப்பர் கொட்டி நிலத்தை உயர்த்திவிட்டு, வீட்டுத் தரைக்கும் முற்றத்துக்கும் உள்ள உயரம் அரை அடியாகக் குறைந்துவிட்டால், அடுத்த பெருமழையில் தண்ணீர் வாசற்படி ஏறும். அந்த உயரம் எப்போதும் ஒன்றரை அடியாவது இருக்கட்டும்.

சரி, செய்யவேண்டியது என்ன? முதலில் மட்டம் பார்க்க வேண்டும். நீளமான தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி மேசன்மார் மட்டம் பார்ப்பார்களே, அது போதும். பின்பக்கத்தின் ஆகத் தாழ்ந்த இடம், வீட்டுத் தரை, ஒழுங்கையின் நடு, ஒழுங்கை வடிகானின் அடி, கிணற்றுத் தண்ணீர் ஆகிய ஐந்தின் உயரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். வடிகானின் அடி உங்கள் தாழ்ந்த இடத்தைவிடக் கீழே இருந்தால் கவலையில்லை. மதில் ஓரமாக ஒரு கான் கட்டி அல்லது ஆறு அங்குலக் குழாய் போட்டுத் தண்ணீரை முன்பக்கம் கொண்டுவரலாம். கொங்கிறீற் கானுக்கு 200 அடிக்கு ஓர் அடி சரிவு இருந்தாலே ஓடும். 60 அடி நீளம் என்றால் மூன்றரை, நாலு அங்குலம். ஓட்டைக் குழாய் புதைத்து நிலத்தடி நீரையே இழுத்தெடுக்கலாம் என்று யாராவது சொன்னால், குழாயைச் சுற்றி, தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கிற ஜியோடெக்ஸ்டைல் துணி போடுவார்களா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் நம் பொடிமணல் ஒரே மாரியில் குழாயை நிரப்பிவிடும். தும்பு சுற்றினால் போதும் என்பார்கள், தும்பு உக்கிப்போகும்.

வடிகான் மேலே இருந்தால் கதை வேறு. கூரைத் தண்ணீரைப் பின்பக்கம் விழவே விடாதீர்கள். பீலி பூட்டி, மூடிய குழாயில் நேரே முன்பக்கம் கொண்டுபோங்கள். கூரை உயரத்திலிருந்து வருகிற தண்ணீருக்குச் சரிவுப் பிரச்சினை இல்லை, இதிலேயே பாரத்தில் கால்வாசி குறைந்துவிடும். அப்புறம் வளவின் கடைசி மூலையில் ஒன்றரை அடி ஆழத்துக்கு அகலமாக ஒரு பள்ளம் எடுத்து, அந்த மணலாலேயே வீட்டைச் சுற்றி உயர்த்துங்கள். சுவரிலிருந்து பத்து அடிக்கு மூன்று அங்குலமாவது சரிவு வரவேண்டும். தண்ணீர் நிற்கத்தான் செய்யும், ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில் நிற்கும். மலசலகூடக் குழியும் கிணறும் இருக்கிற பக்கத்தில் மட்டும் இந்தப் பள்ளம் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் நுளம்பு பெருகும், ஆகவே கப்பி மீன் விட்டுவிடுங்கள். நுளம்பு பெருகவிடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து நிற்பார். மழை உச்சத்தில் இருக்கிற நாலைந்து நாளுக்கு ஒரு சிறிய நீர்மூழ்கிப் பம்பு வைத்து இறைப்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் சாதாரண மாரிக்கு. 2011 ஜனவரி வெள்ளம் மாதிரி வந்தால், அல்லது வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரம் வெட்டப்படாமல் தண்ணீர் ஏறி நின்றால், வடிகானே பின்னோக்கி ஓடும். அதை எந்த முற்றத்து வேலையும் தடுக்காது. தடுக்கும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆள் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று பலகை தொங்கவிட யாரும் அனுமதி கேட்பதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலை என்று ஒரு பட்டப்படிப்பே இருக்கிறது. ஆனால் பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டுகிறவருக்குத்தான் அவர்கள் தேவை, 18 பேர்ச்சுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். உங்களுக்கு வேண்டியவர்கள் மூன்று பேர்: மட்டம் எடுத்துப் படம் வரைந்து தர ஒருவர், கட்ட ஒரு மேசன், மரம் தெரிந்த ஒருவர். முதலாமவர்தான் முக்கியம். சிவில் டிப்ளோமா முடித்த தொழில்நுட்ப உத்தியோகத்தரோ, ஓய்வுபெற்ற ஓவசியரோ, அனுமதிப்பத்திரம் உள்ள நில அளவையாளரோ அரை நாளில் முடித்துத் தருவார். இவருக்குக் கொடுக்கிற காசைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். எட்டு டிப்பர் கிறவலின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மேசனிடம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., இருக்கிறதா என்று கேளுங்கள். மட்டம் 3, 4 என்றால் கைவேலையில் சோதிக்கப்பட்டவர். இல்லையென்றாலும் தள்ளிவிடாதீர்கள், நம் ஊரில் சான்றிதழே இல்லாத தங்கமான கைகள் இருக்கின்றன. 'கொம்பனி' என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் மட்டும் கட்டாயம் கேட்கவேண்டியது, நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு. யாராக இருந்தாலும், இரண்டு மாரிக்கு முன் அவர் செய்த ஒரு வளவைக் காட்டச் சொல்லி, மழை பெய்கிற நாளில் போய்ப் பாருங்கள். வெயிலில் எடுத்த படத்தில் எல்லா முற்றமும் அழகுதான். "இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும்?" என்றும் கேளுங்கள். கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினால் மேலே பேசலாம். "அது ஊறிரும் அக்கா" என்றால் வேண்டாம்.

பாதிக் காசு முற்பணம் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கால்வாசிக்கு மேல் தேவையில்லை. சாமானை நீங்களே வாங்கிக் கொடுத்தால் அதுவும் வேண்டாம். எழுதி வாங்குகிற தாளில் 'வடிகால் வேலை முழுவதும்' என்று ஒரே வரியில் தொகை போட விடாதீர்கள். எத்தனை அடி கான், என்ன அளவுக் குழாய், எத்தனை அங்குலச் சரிவு, வெட்டிய மண்ணை யார் அகற்றுவது என்று தனித்தனியாக இருக்கட்டும். பத்தில் ஒரு பங்கை அடுத்த மாரி கழிந்து கொடுப்பதாக எழுதுங்கள். முணுமுணுப்பார்கள், அரசாங்க வேலையில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற வழக்கம்தான். மணல், கிறவல் ஏற்றிவருகிற டிப்பருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒழுங்கை வடிகானில் இணைக்க மாநகர சபையில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கொங்கிறீற் போட்டபின் உங்கள் வளவுத் தண்ணீர் போகவில்லை என்பதையும் படத்தோடு அதே கடிதத்தில் சொல்லுங்கள். பிரதான வீதி ஓரத்தில் இருக்கிறவர்கள் சபைக்கு அலையவேண்டாம், ஏ-4 நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. பக்கத்து வளவுக்காரரோடு சண்டைக்குப் போகாமல், மதிலின் அடியில் ஒரு குழாய் விட இடம் தருவாரா, செலவில் பாதி நான் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய தண்ணீரும் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலோ சம்மாந்துறைப் பக்கமோ இருந்து இதை வாசிக்கிறவர்கள் அப்படியே பின்பற்றவேண்டாம். அங்கே களிமண், வெயில் காலத்திலும் தண்ணீர் இறங்காது. சரிவும் திறந்த கானும்தான் ஒரே வழி. வயற்காணியை நிரப்பி வளவாக்க நினைக்கிறவர்கள் முதலில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியை எடுக்கவேண்டும்.

பப்பாசிக்கு வேரில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலே போதும், முடிந்தது. முருங்கையும் அந்தச் சாதிதான். இரண்டையும் முன்பக்கத்தில், இரண்டடி உயரத்துக்கு மண் குவித்து மேட்டில் வையுங்கள். பின்பக்கம் கொய்யாவும் ஜம்புவும் ஈரத்தைத் தாங்கும். பள்ளத்துக்குள் கல்வாழை, பள்ளத்தின் கரை இடியாமல் பிடிக்க வெட்டிவேர். நடுகிற வேலையை மாசிக்குத் தள்ளிப் போடுங்கள். இந்த மாரியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று நாலு இடத்தில் தடி நட்டு அடையாளம் வைத்தால், எந்தக் கன்றை எங்கே வைப்பது என்று அந்தத் தடியே சொல்லும்.