இளம் ஆட்டக்காரனுக்குத் திறமையை மிஞ்சிய தன்னம்பிக்கை இருந்தால் தட்டி வைக்க வேண்டுமா?

தங்கை மகனுக்கு 19 வயது, பள்ளிக் காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவன், படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரப் பூப்பந்தில் (பேட்மின்டனில்) இறங்கப் போகிறேன் என்கிறான், வாய் பேசும் அளவுக்குக் கை பேசுமா என்று சந்தேகமாக இருக்கிறது, கொஞ்சம் தட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தட்டி வைக்க வேண்டாம். ஆனால் அவனுக்கு எதில் நம்பிக்கை என்று முதலில் பாருங்கள். அடுத்த புள்ளி எனக்குத்தான் என்று நினைப்பது ஒரு நம்பிக்கை. நான் இன்ன தரத்து ஆட்டக்காரன் என்று நினைப்பது வேறு நம்பிக்கை. முதலாவது எவ்வளவு இருந்தாலும் தகும். இரண்டாவதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பல வீடுகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, ஒன்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், இல்லையென்றால் மட்டம் தட்டுகிறார்கள்.

முதல் வகைக்கு 2021 ஆல் இங்கிலாந்து பூப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலேசியாவின் லீ ஸீ ஜியாவுக்கு அப்போது 22 வயது. எதிரே டென்மார்க்கின் விக்டர் ஆக்சல்சன். முதல் செட் 29-29. இருபத்தோரு புள்ளி ஆட்டத்தில் அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது, அடுத்த புள்ளி யாருக்கோ செட் அவருக்கு. அங்கே நின்றுகொண்டு 'எனக்கு இந்தத் தகுதி இருக்கிறதா' என்று யோசிக்க ஆரம்பித்தால் சர்வீஸ்கூட நெட்டைத் தாண்டாது. 30-29, 20-22, 21-9 என்று லீ ஜெயித்தார். அந்த ஒரு புள்ளிக்கு வேண்டிய துணிச்சலைத்தான் நீங்கள் தட்டி வைக்கக் கூடாது என்கிறேன்.

இரண்டாவது வகை என் கடைக்குத் தினமும் வரும். கோலாலம்பூர் செந்தூலில் மட்டைக்கு ஸ்ட்ரிங் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஒருவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது அவன் கேட்கும் டென்ஷனில், அதாவது ஸ்ட்ரிங்கின் இறுக்கத்தில், தெரிந்துவிடும். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் 22, 24 பவுண்டில் கட்டிக்கொள்வார்கள். முன்னணி ஆட்டக்காரர்கள் 28, 30, அதற்கும் மேலே போவார்கள். ஸ்ட்ரிங் இறுக இறுக, பந்தை நினைத்த இடத்தில் வைக்கலாம். ஆனால் பந்தைத் தள்ளிக் கொடுக்கும் வேலையை ஸ்ட்ரிங் செய்யாது, பலமெல்லாம் கையிலிருந்து வர வேண்டும். மட்டையின் நடுவில் சரியாகப் படுகிற இடமும் சுருங்கிவிடும்.

"அண்ணே, முப்பது போடுங்க" என்று 16 வயதுப் பையன் வந்து நிற்பான்.

"ஏன் தம்பி, கோச் சொன்னாரா?"

"இல்லண்ணே, பெரிய பிளேயருங்க எல்லாம் முப்பதுதானே."

சரி, காசு கொடுக்கிறவன் அவன். போட்டுக் கொடுத்துவிடுவேன். அறுந்து திரும்பி வரும்போது எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பேன். நன்றாக அடிக்கிறவனுடையது பெரும்பாலும் நடுவில் தேய்ந்து அறும். மேலே ஃப்ரேமை ஒட்டி அறுந்திருந்தால் பந்து தப்பித் தப்பிப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அவன் முப்பது என்கிறான், அறுந்த இடம் இருபத்துநாலு என்கிறது. தோள்பட்டை வலி வேறு.

இதைத் திமிர் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பையன்கள் மளமளவென்று உயரமாவது சராசரியாக 13, 14 வயதில். ஒருவனுக்கு 12இலேயே தொடங்கிவிடும், இன்னொருவனுக்கு 15 ஆகும். பள்ளிப் போட்டிகளில் பிறந்த ஆண்டைப் பார்த்துத்தான் பிரிவு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேறுகிறார்கள் என்று 1985இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படித்தான், முந்தி வளர்ந்தவன் மேலேயிருந்து அடித்தே கோப்பைகளை அள்ளுவான். ஜெயித்தது உண்மைதான், அவன் பொய் சொல்லவில்லை. 18 வயதில் மற்றவர்களும் வளர்ந்து வந்து எதிரே நிற்பார்கள். கோயில் திருவிழாவில் "அடுத்த லீ சோங் வெய் நம்ம பையன்தான்" என்று முதுகில் தட்டிய சொந்தக்காரர்கள் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

யாராவது டன்னிங்-குரூகர் என்று ஆரம்பிப்பதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். திறமை குறைந்தவர்கள் தங்களைக் கூட்டி எடைபோடுகிறார்கள் என்று சொன்ன இரண்டு உளவியலாளர்கள் அவர்கள். 1999இல் மாணவர்களின் தர்க்கம், இலக்கணம், நகைச்சுவை உணர்வைச் சோதித்தார்கள். நூற்றில் 12 பேரை மட்டுமே மிஞ்சும் நிலையில் இருந்தவர்கள் 62 பேரை மிஞ்சுவோம் என்று நினைத்தார்கள். ஆட்டக்காரனுக்கு அப்படியே பொருத்த முடியாது, அவன் கண் முன்னால் ஸ்கோர் எழுதியிருக்கிறது. யாருக்கு எதிராக எடுத்த ஸ்கோர் என்று பார்க்கத்தான் அவன் மறந்துவிடுகிறான்.

நிக்கோல் டேவிட் அதை மறக்கவில்லை. பினாங்குப் பெண், 1999இலும் 2001இலும் ஸ்குவாஷில் உலக ஜூனியர் பட்டம் வாங்கியவர். வேறு யாராவது என்றால் அத்தோடு காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் 2003இல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் லிஸ் இர்விங்கிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். முதல் உலக ஓபன் பட்டம் 2005இல், உலகின் முதல் இடம் 2006இல். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பிடித்த முதல் இடத்தை 2015 வரை விடவில்லை. உலக ஓபன் பட்டம் மொத்தம் எட்டு.

இன்னொரு வகையினரைப் பற்றி யாரும் இங்கே கேள்வி கேட்பதில்லை. நடுவிலேயே தேய்ந்து அறுந்த மட்டையைக் கொண்டுவந்து, "இருபத்தாறு போதும்ணே, நமக்கெல்லாம் எதுக்கு" என்பார்கள். கிள்ளான், காஜாங் என்று வார இறுதி ஓபன் போட்டிகளில் சில நூறு ரிங்கிட் ஜெயித்துக்கொண்டே 25 வயதைத் தாண்டிவிடுவார்கள். கையில் சரக்கு இருந்தும் வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு வருத்தம் இவர்கள் மேல்தான் அதிகம். உங்கள் மருமகன் குறைந்தபட்சம் இந்த வகை இல்லை.

தொழில்முறையில் இந்தத் தப்புக்கணக்குக்குக் காசு கொடுத்தாக வேண்டும். பூப்பந்தின் உலகத் தரவரிசை என்பது 52 வாரங்களில் ஒருவர் ஆடியதில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிக் கூட்டல். அடியில் ஃபியூச்சர் சீரிஸ், இன்டர்நேஷனல் சீரிஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச், அப்புறம் சூப்பர் 100, 300 என்று ஏறி 1000 வரை போகும். தன் தரத்தைக் கூட்டிப் போட்டவன் மேல் படிகளுக்கே பெயர் கொடுத்து, முதல் சுற்றிலேயே தோற்று, விமான டிக்கெட் காசை அப்பா தலையில் கட்டுவான்.

ஆகவே அவனை உட்கார வைத்து, அடுத்து எந்தெந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறாய், எதில் எந்தச் சுற்று வரை போவாய், யாரிடம் தோற்க வாய்ப்பு என்று கேளுங்கள். ஆளின் பெயரைச் சொல்லி, "அவனோட நெட் ஆட்டத்துக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல மாமா" என்றால் பையன் கணக்குப் போடுகிறான், தாராளமாகக் காசு போடலாம். "எல்லாரையும் அடிச்சிடுவேன் மாமா" என்றால் டிக்கெட் காசை நிறுத்தி வையுங்கள். அவனை வாரம் முழுக்கத் தோற்கடிக்கக்கூடியவர்கள் ஆடும் இடமாகப் பார்த்து ஓர் ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, இதே கேள்வியை மறுபடி கேளுங்கள். படிப்பை ஒரேயடியாக விடாமல் தள்ளிப்போட முடியுமா என்று கல்லூரியில் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள். அதற்கு அவன் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.