ராசியில்லாத கை என்று எதுவும் இல்லை

கேள்வி: தங்கையின் குழந்தைக்காகக் குரோஷா போர்வை பின்ன ஆரம்பித்தேன். 120 கண்ணியில் தொடங்கியது. முடிக்கும் நேரத்தில் எண்ணினால் 98தான் இருக்கிறது, போர்வை மேலே போகப் போகக் குறுகிவிட்டது. நடுவில் புது நூல் சேர்த்த இடத்தில் நிறமும் மாறித் தெரிகிறது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே கலர் நம்பர். அதே வாரம், சிவப்பு ரோஜா எம்பிராய்டரி போட்ட வெள்ளைக் குஷன் உறையைத் துவைத்துப் பிழிந்து பக்கெட்டிலேயே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் உறை முழுக்க ரோஸ் கறை. சரி, மெஷினிலாவது தைப்போம் என்று உட்கார்ந்தால் துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. அலமாரி நிறைய அரைகுறை வேலைகள். "கடையில் வாங்கினால் இதைவிட மலிவு" என்கிறார் கணவர். எனக்குக் கைவேலை ராசியே இல்லையா? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? ஆனால் அந்த ரோஜாவில் ஓர் இதழ் சரியாக அமைந்த அன்று, அதையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எழுதியிருக்கும் நான்கு விபத்துகளில் ஒன்றுகூட ராசியால் வந்ததில்லை. நான்குக்கும் காரணம் இருக்கிறது, காரணம் தெரிந்தால் தடுக்கவும் முடியும். தூக்கிப் போட வேண்டியது ராசி என்ற எண்ணத்தைத்தான்.

போர்வையிலிருந்து தொடங்குகிறேன். டபுள் குரோஷாவில், அதாவது ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிப் பின்னும் உயரமான கண்ணியில், ஒவ்வொரு வரிசையையும் 3 செயின் (சங்கிலி மாதிரி வரும் சிறு கண்ணிகள்) போட்டுத் தொடங்குகிறோம் இல்லையா? பெரும்பாலான பேட்டர்ன்களில் அந்த 3 செயின் ஒரு கண்ணியாகக் கணக்கு. அடுத்த வரிசையைப் பின்னிக்கொண்டு வந்து முடிக்கும்போது, கடைசிக் கண்ணியை அந்தச் செயினின் உச்சியில் குத்தி எடுக்க வேண்டும். ஆனால் அது மற்றக் கண்ணிகளைப் போல நிமிர்ந்து நிற்காது. ஓரத்தோடு ஒட்டிச் சாய்ந்து, வெறும் விளிம்பு மாதிரி இருக்கும். கண் அதைத் தாண்டிப் போய்விடும். தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி குறையும். வரிசைக்கு வரிசை திருப்பிப் பின்னுவதால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் குறைந்து, போர்வை ஒரே சீராகச் சரிந்துகொண்டே போகும். பின்னும்போது தெரியாததும் அதனால்தான். பல வரிசைகளில் நீங்கள் சரியாகவே முடித்திருக்கிறீர்கள், 22 வரிசைகளில் மட்டும் தவறியிருக்கிறது. பின்னத் தெரியாதவர் கை இல்லை அது.

இனிமேல் வரிசையைத் தொடங்கியதும் அந்த 3 செயினின் உச்சியில் வேறு நிற நூல் துண்டு ஒன்றையோ கண்ணியை அடையாளம் காட்டும் பிளாஸ்டிக் மார்க்கரையோ மாட்டுங்கள். திரும்பி வரும்போது எங்கே குத்த வேண்டும் என்று அதுவே காட்டும். சேஃப்டி பின் வேண்டாம். குழந்தைப் பொருளில் ஒன்று மறந்து நின்றுவிட்டால் ஆபத்து.

22 கண்ணி குறைந்ததை பார்டர் போட்டு மறைக்க முடியாது. பிரிப்பதுதான் வழி. மனசு வலிக்கும், தெரியும். ஆனால் குரோஷாவில் பிரித்த நூல் வீண்போவதில்லை. சுருண்டு சுருண்டு வரும் நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி, நாலைந்து இடத்தில் தளர்வாகக் கட்டி எடுத்து, வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். சுருள் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அக்ரிலிக் நூலாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் மேல் வைத்துவிடாதீர்கள். சூடு பட்டால் நூல் துவண்டு பளபளவென்று ஆகிவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது.

நிறம் மாறியதற்கு நீங்கள் பொறுப்பே இல்லை. கலர் நம்பர் ஒன்றாக இருந்தாலும் சாயத்தொட்டிக்குத் தொட்டி நிறம் துளி மாறும். அதற்காகவே லேபிளில் லாட் நம்பர் என்று தனியாக அச்சிடுகிறார்கள். வாங்கும்போது அதையும் பார்த்து, தேவைக்கு ஒன்று கூடுதலாகவே எடுத்துவிடுங்கள். இப்போது கையில் இருப்பது இரண்டு லாட் என்பதால், மறுபடி பின்னும்போது இதில் இரண்டு வரிசை, அதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். வித்தியாசம் கலந்து மறைந்துவிடும். இதற்காகவே பிரிக்கலாம் என்பேன்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஓட்டை வரும் பேட்டர்ன் கைக்குழந்தைக்கு வேண்டாம், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். ஒரு வயது வரை, தூங்கும் குழந்தையின் மேல் எந்தத் தளர்வான போர்வையும் போடக்கூடாது என்பதையும் தங்கையிடம் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது மடியில் போட்டுக்கொள்ளவும், தரையில் விரித்துக் கிடத்தவும் உங்கள் போர்வை நன்றாகவே பயன்படும்.

குஷன் உறைக்கு வருவோம். அழுத்தமான சிவப்பு, கருநீலம், கறுப்பு நூல்களில் இழையில் பிடிக்காத சாயம் கொஞ்சம் தங்கியிருப்பது உண்டு. அலசும்போது அது நீரோடு போய்விடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் போக வழியில்லாமல் பக்கத்துத் துணியில் ஏறிவிடும். பக்கெட்டில் நடந்தது அதுதான். உறையை இதுவரை இஸ்திரி போடவில்லை என்றால் நல்ல நம்பிக்கை இருக்கிறது, இனியும் போடாதீர்கள். சூடு கறையை நிலைக்க வைத்துவிடும். பெரிய வாளி நிறையத் தண்ணீரில் சலவை திரவம் கலந்து, உறை மடிப்பில்லாமல் மிதக்கிற மாதிரி ஓர் இரவு ஊறவிடுங்கள். நீர் நிறம் மாறினால் புது நீர் மாற்றுங்கள், தெளிவாகும்வரை. கடைசியில் பிழியாமல், ஒரு டவலின் மேல் விரித்துப் போட்டு உலர்த்துங்கள். குளோரின் பிளீச் பக்கம் போகவே கூடாது, கறையோடு ரோஜாவும் வெளுத்துவிடும். அடுத்த முறை குத்துவதற்கு முன்பே சிவப்பு நூல் துண்டு ஒன்றை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். நிறம் இறங்கினால் அந்த நூலை அலசி உலர்த்திவிட்டுப் பிறகு எடுங்கள்.

மெஷின் விஷயம் சின்னது. அடியில் நூல் கொத்தாக வந்தால் எல்லோரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். ஆனால் பெரும்பாலும் தவறு மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். ஃபுட் கீழே இறங்கியிருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு இடையில் போய் உட்காராது.

கணவர் சொல்வது கணக்குப்படி சரி. கடைப் போர்வை மலிவுதான். அவரோடு வாதிட வேண்டாம். நீங்கள் இதைக் காசு மிச்சம் பிடிக்கவா செய்கிறீர்கள்? ஒரு இதழைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன் என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற வரி அதுதான். சாட்டின் தையலில் ஓர் இதழ் வளைவு பிசிறில்லாமல் அமைய, நூல் ஒவ்வொன்றும் பக்கத்து நூலைத் தொட்டும் தொடாமலும் படுக்க வேண்டும். அது அமைந்தது என்பதை முதலில் கண்டுகொண்டவர் நீங்கள்தான். அந்தச் சந்தோஷத்துக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. அவருக்கும் அது புரிய வேண்டும் என்று தோன்றினால், அவர் தினமும் கையில் எடுக்கிற பொருளாக, ஒரு மூக்குக்கண்ணாடி உறையோ சாவிக்கொத்துப் பட்டையோ செய்து கொடுங்கள்.

அலமாரியில் கிடப்பவற்றில் எடுத்ததும் கை பரபரக்கிற ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். மற்றதில் இனி தொடமாட்டேன் என்று தெரிகிறவற்றைப் பிரித்து நூலாக்கிவிடுங்கள். அதில் குற்ற உணர்வு எதுவும் வேண்டாம். பிறகு பார்ப்போம் என்று எடுத்து வைப்பவற்றில், ஊசி எத்தனை மில்லிமீட்டர், எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிப் பையிலேயே போடுங்கள். பாதியில் நின்ற வேலை நின்றே போவதற்கு, எங்கே விட்டோம் என்று தெரியாததே பல நேரம் காரணம்.

இன்றைக்கு உறையை ஊறப் போடுங்கள், அதுதான் அவசரம். போர்வையைப் பிரிப்பதை மனசு ஆறிய பிறகு, ஒரு வாரம் கழித்துச் செய்தாலும் போதும்.