ஏப்ரலில் நீஸ்: அம்மாவுடன் ஐந்து நாள்

வாசகர் கேள்வி: பாரிஸ் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் அம்மா வந்திருக்கிறார். அவருக்கு வயது 68. முழங்கால் நோவு உண்டு, மரக்கறிச் சாப்பாடு மட்டுமே சாப்பிடுவார். பிள்ளைகளுக்கு வயது 9, 6. ஏப்ரல் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் தென் பிரான்சின் கடலோர நகரான நீஸ் பக்கம் போக விரும்புகிறேன். கணவரோ, "அந்த நேரம் கடல் குளிராக இருக்கும், ஜூலையில் போனால்தான் செலவழித்த காசுக்குப் பலன்" என்கிறார். ஜூலையில் அம்மா இங்கே இருக்க மாட்டார். எங்களிடம் கார் இல்லை. போகலாமா? போனால் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தயங்காமல் அழைத்துப் போங்கள். கடலைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது உண்மைதான். ஏப்ரலில் நீஸ் கடலின் வெப்பம் 14, 15 பாகை அளவில்தான் இருக்கும். நிலத்தைப் போலக் கடல் விரைவில் சூடேறுவதில்லை என்பதால், வெயில் நன்றாக அடிக்கும் நாளிலும் தண்ணீரில் குளிர்காலம் மிச்சம் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் நீச்சலுடை, காற்றடைத்த மிதவை எல்லாம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு ஓர் ஏப்ரலில் அங்கே போனேன். இறங்கிய ஐந்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு கரையேறிவிட்டார்கள். மீதி நாள்களை எப்படிக் கழிப்பது என்று யோசித்தே இரண்டு நாள் போய்விட்டது. குளிப்பதை நடுவில் வைத்துத் திட்டமிட்டதுதான் பிழை என்று, அடுத்த முறை அதே மாதத்தில் போனபோது விளங்கியது.

அந்தக் கரையின் பழைய பருவமே குளிர்காலமும் இளவேனிலும்தான் என்பதை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலேயர்கள் குளிருக்குத் தப்பி நீஸுக்கு வந்து தங்கத் தொடங்கினார்கள். நகரின் புகழ்பெற்ற கடலோர உலாவீதி அவர்கள் திரட்டிய பணத்தில் 1820களில் போடப்பட்டதால்தான் இன்றும் 'ஆங்கிலேயர் உலாவீதி' என்று பொருள்படும் பெயரோடு விளங்குகிறது. அப்போது நீஸ் பிரான்சோடு சேரக்கூட இல்லை. 1860 வரை அது சார்தீனிய அரசின் கீழ் இருந்தது. விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை ஒவ்வோர் ஆண்டும் இளவேனிலில் நீஸின் சிமியே மேட்டில் வந்து தங்கினார். எழுபது வயதைக் கடந்து நடக்கச் சிரமப்பட்ட அவர், கழுதை பூட்டிய சிறு வண்டியில் சுற்றி வருவாராம். கோடையில் அங்கே விடுதிகள் மூடிக்கிடந்த காலம் அது. வெயிலில் கிடந்து கடலில் குளிப்பதற்காக மக்கள் ஜூலையில் குவியும் வழக்கம் 1920களுக்குப் பிறகே வேரூன்றியது. யுனெஸ்கோ 2021இல் நீஸை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும், குளிர்கால ஓய்வு நகரம் என்றே அதைக் குறித்தது. ஆகவே ஏப்ரலில் போகிறவர் கோடையைத் தவறவிட்டவர் அல்லர். வெறும் கண்ணுக்கும் காலுக்கும் அந்தக் கரை எப்படி இருக்கிறதோ, அதைப் பார்க்கப் போகிறவர்.

ஐந்து நாளுக்கும் நீஸிலேயே, ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓர் அறையோ சிறு வீடோ எடுத்துக்கொள்ளுங்கள். இடம் மாறி மாறித் தங்குவது அம்மாவைக் களைப்பாக்கும். அதற்குத் தேவையும் இல்லை. நீஸிலிருந்து இத்தாலிய எல்லை நோக்கிப் போகும் உள்ளூர் ரயில் வில்ஃப்ரான்ஷ், போலியூ, மொனாக்கோ, மொந்தோன் என்று ஒவ்வொரு கடலோர ஊரிலும் நிற்கிறது. கடைசியில் உள்ள மொந்தோனுக்கே ஏறக்குறைய நாற்பது நிமிடம்தான். சுரங்கப் பாதையிலிருந்து ரயில் வெளியே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய குடாவைக் காணலாம். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு.

முதல் நாளை நீஸிலேயே கழியுங்கள். காலையில் பழைய நகரின் கூர் சலேயா சந்தைக்குப் போங்கள்; பூவும் காய்கறியும் விற்கும் அந்தச் சந்தை திங்கட்கிழமைகளில் மட்டும் பழம்பொருள் சந்தையாக மாறிவிடுவதால், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். இளம் கூனைப்பூவும் பச்சைப் பட்டாணியும் தண்டோடு கிடக்கும் வெங்காயமும் அங்கே குவிந்திருக்கும் மாதம் அது. சந்தையின் கிழக்குக் கோடியில் கோட்டைக் குன்று எழுகிறது. கோட்டை இப்போது இல்லை. பதினான்காம் லூயி 1706இல் அதை இடித்துத் தள்ளச் செய்தார். ஆனால் குன்றின் அடிவாரத்திலிருந்து மேலே போகக் கட்டணமில்லாத மின்தூக்கி ஒன்று உண்டு. அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு போங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் வளைந்து கிடக்கும் குடா முழுவதும், மறுபக்கம் துறைமுகம், பின்னால் உச்சியில் இன்னும் பனி மிச்சமிருக்கும் ஆல்ப்ஸ் மலை. கடலையும் பனிமலையையும் ஒரே பார்வையில் சேர்த்துக் காட்டும் இந்தக் காட்சி ஜூலையில் கிடைக்காது.

மாலையில் உலாவீதியில் வரிசையாகப் போட்டிருக்கும் நீல நாற்காலிகளில் அமர்ந்து கடலைப் பாருங்கள்; அவை எல்லோருக்கும் உரியவை, காசு கேட்க யாரும் வர மாட்டார்கள். அந்த மாதத்தில் பொழுது இரவு எட்டு மணி அளவில்தான் சாயும் என்பதால், பகல் தூக்கம் போட்டு எழுந்து வந்தாலும் நேரம் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடந்து பழகியவர்கள், நீஸ் கடலையும் அப்படி நினைத்துவிடக் கூடாது. இங்கே கரை மணலே அல்ல, உருண்டைக் கூழாங்கல். சில அடி வைத்தாலே நிலம் சடாரென்று இறங்கி ஆழமாகிவிடும். காற்று வீசும் நாளில் கரைமோதும் அலை காலை வாரிக் கல்லோடு இழுக்கும். பிள்ளைகள் தண்ணீரோரம் கல் பொறுக்கட்டும். ஆனால் ஒரு பெரியவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மணலில் விளையாட விரும்பினால் வில்ஃப்ரான்ஷில் இறங்குங்கள். ரயில் நிலையத்தின் கீழேயே, மூன்று பக்கமும் மலை அணைத்த அமைதியான குடாவில், பருமணல் கரை ஒன்று இருக்கிறது. கால் நனைத்து மணல்வீடு கட்ட அது போதும்.

அம்மாவுக்காக ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், போலியூவைச் சொல்வேன். அங்கிருந்து சென் ஜான் கப் ஃபெரா ஊர் வரை கடலை ஒட்டிச் சமதளமான நடைபாதை போகிறது. படியில்லை, வாகனமில்லை, மெல்ல நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஒரு பக்கம் தோட்டச் சுவர்களுக்கு மேலால் பூங்கொடிகள் தொங்கும், மறுபக்கம் அடியில் கிடக்கும் கல் தெரியும் அளவுக்கு நீர் தெளிந்திருக்கும். மத்தியதரைக் கடலில் வற்றுப் பெருக்கு மிகக் குறைவு என்பதால் பாதை எந்த நேரமும் நீரின் அருகிலேயே இருக்கும். அதே தீபகற்பத்தின் மேட்டில் எஃப்ருசி மாளிகை என்னும் இளஞ்சிவப்பு வீடும், அதைச் சுற்றிப் பல நாட்டு முறைகளில் அமைத்த தோட்டங்களும் உண்டு. ஏறுவது சிரமமென்றால் பேருந்தில் போகலாம்.

இன்னொரு நாள் மொந்தோனுக்கு. மலைகள் வடக்குக் காற்றை மறித்து நிற்பதால் பிரான்சிலேயே மிக மிதமான குளிர்காலம் உள்ள ஊர்களில் ஒன்று அது. தேசிக்காய் மரம் வெளியில் நின்று காய்க்கும் அளவுக்கு இதம். மொந்தோன் எலுமிச்சைக்கு 2015இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெப்ரவரியில் நடக்கும் எலுமிச்சைத் திருவிழா அதற்குள் முடிந்திருக்கும். அதை எண்ணி வருந்த வேண்டாம், கூட்டமில்லாத ஊர் மிஞ்சும். ஒரே கிளையில் பழமும் மொட்டும் சேர்ந்து நிற்பதை உங்கள் அம்மா நின்று பார்ப்பார் என்றே நினைக்கிறேன். மாதக் கடைசியில் போனால், தெருவோரக் கசப்புத் தோடை மரங்களின் பூ மணமும் சேர்ந்து வரும். மேலே தேவாலயத்துக்குப் போகப் படிகள் அதிகம். அம்மா கீழே கூரைச் சந்தையில் இளைப்பாற, பிள்ளைகளோடு நீங்கள் ஏறி வரலாம்.

மழை பெய்தால் மொனாக்கோவுக்குப் போங்கள். 1910இல் திறந்த கடலியல் அருங்காட்சியகத்தின் மீன்தொட்டிகளில் பிள்ளைகள் அரை நாளை மறந்துவிடுவார்கள். எஸ் என்ற மலைக் கிராமத்தைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதன் ரயில் நிலையம் கடல் மட்டத்தில், கிராமமோ 400 மீட்டருக்கு மேல் உயரத்தில், உள்ளே முழுக்கப் படிகள். முழங்கால் நோவு உள்ளவருக்கு அது வேண்டாம். வாசனைத் திரவிய நகரான கிராஸும் இந்த மாதத்தில் அவசியமில்லை. அங்கே ரோசா மே மாதத்தில்தான் பூக்கும். மல்லிகை, அதாவது நம் பிச்சிப்பூவேதான், ஆகஸ்ட் அளவில்தான் பறிப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்படத் தேவையில்லை, ஆனால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். நீஸின் சொந்தப் பண்டமான சொக்கா கடலை மா, தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு இவற்றால் மட்டுமே ஆனது. அகலமான செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவிச் சூட்டோடு சுரண்டித் தருவார்கள். ஓரம் முறுகி நடு மெத்தென்றிருக்கும் அதை ஒரு வாய் வைத்ததும், தோசைக்குத் தூரத்து உறவென்று அம்மாவே சொல்வார். பார்வைக்கு வெறும் வெங்காய ரொட்டி போலிருக்கும் பிசலாதியேரில் ஏமாந்துவிடாதீர்கள். அதன் பெயரே உப்பிட்ட மீன் விழுதிலிருந்து வந்தது, மேலே நெத்தலி இனத்து மீனும் வைத்திருப்பார்கள். நீஸ் சாலட்டிலும் பான் பான்யா என்ற ரொட்டியிலும் மீன் உண்டு. கீரை வைத்துச் செய்யும் இனிப்புப் பணியாரத்தில் முட்டை சேர்ப்பார்கள். தங்குமிடத்தில் சிறு சமையலறை இருந்தால், சந்தையில் வாங்கிய மரக்கறியோடு இரவுச் சோறு வீட்டுச் சோறாகவே இருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் எல்லைக்கு அப்பால் வென்டிமிலியாவில் பெரிய சந்தை கூடும். ரயிலில் போய் வரலாம். ஆனால் திரும்பும்போது பிரெஞ்சுக் காவல்துறையினர் ரயிலில் ஏறி ஆவணம் பார்ப்பது வழக்கம். அம்மாவின் கடவுச்சீட்டு விசாவோடு அசலாகவே கையில் இருக்க வேண்டும், படப்பிரதி போதாது. நீங்களும் பிரெஞ்சுக் குடியுரிமை பெறாதவர்கள் என்றால், வதிவிட அட்டையோடு கடவுச்சீட்டையோ பயண ஆவணத்தையோ சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் 17, 18 பாகை இருக்கும்; சூரியன் மறைந்ததும் சட்டென்று குளிரும். அம்மாவுக்குக் காதை மூடும் சால்வை, மெல்லிய கம்பளிச் சட்டை, காலை இறுகப் பிடிக்கும் காலணி ஆகியவை கட்டாயம். பிள்ளைகளுக்குத் தொப்பி வேண்டும், காற்றுக் குளிர்ந்திருந்தாலும் அந்த வெயில் சுடும். உயிர்த்த ஞாயிறை ஒட்டிய நாள்களைத் தவிர்த்து, வாரத்தின் நடுவில் போய் வந்தால் அறையும் ரயில் சீட்டும் மலிவு.

சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பாரிஸ் லியோன் நிலையத்திலிருந்து நீஸுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். 2001இல் திறந்த அதிவேகப் பாதை மார்செய் பக்கத்தோடு முடிந்துவிடுவதால், அதன்பின் ரயில் பழைய பாதையில் மெதுவாகவே போகும். அந்த மெதுவான பகுதிதான் அழகு: சென் ராஃபாயேலைக் கடந்ததும் எஸ்தெரேல் மலையின் செம்பாறைகள் நீலக் கடலுக்குள் இறங்குவது வலப்பக்கச் சன்னலில் தெரியும். போகும்போது ரயில் செல்லும் திசைக்கு வலப்பக்கத்திலும், திரும்பும்போது இடப்பக்கத்திலும் அம்மாவுக்குச் சன்னலோர இருக்கை கேட்டு வாங்குங்கள்.