வாசகர் கேள்வி பதில்: லண்டனிலிருந்து கல் வீட்டுக் கிராமத்துக்கு

அக்டோபர் கடைசியில் லண்டனில் மகன் வீட்டுக்குப் போகிறோம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கல் வீடுகளுக்குப் பேர்போன காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக் கிராமங்களை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? மகனிடம் கார் இல்லை; ஞாயிறுதான் லீவு.
வாசகி, கீழக்கரை

கார் இல்லாததால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஞாயிறுதான் இடிக்கிறது. பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து மோர்டன்-இன்-மார்ஷுக்கு நேரடி ரயில் உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். அங்கே 801 பஸ் ஏறினால் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் கிராமம். ராமநாதபுரத்தில் ரயிலை விட்டு இறங்கிக் கீழக்கரைக்குப் பஸ் பிடிப்பீர்களே, அதே கணக்கு. ஆனால் நம்மூர் மாதிரி ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே வராது. ஞாயிறன்று இன்னும் குறைவு. வார நாளில் நீங்கள் இருவருமே போய்வாருங்கள். மோர்டனில் செவ்வாய்ச் சந்தை, கூட்டம் பிடிக்காவிட்டால் அன்று வேண்டாம்.

பாஸ்போர்ட்டைக் காட்டி சீனியர் ரயில்கார்டு வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டன் மெட்ரோவில் தட்டும் கார்டு மோர்டன்-இன்-மார்ஷ் வரை செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஐந்து கிராமம் என்று பட்டியல் போடாதீர்கள், பஸ் ஸ்டாப்பிலேயே பொழுது போய்விடும். போர்ட்டனில் இறங்கி, வயல் வழியே சுமார் 2 கிலோமீட்டர் நடந்தால் லோயர் ஸ்லாட்டர். இரண்டும் போதும். மஞ்சள் அம்புக்குறி நடைபாதையைக் காட்டும். ஆடு மேயும் வயல் என்பதால் நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டு நகருங்கள். மழை பெய்திருந்தால் சேறு, செருப்பு உதவாது.

வீட்டுச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். தேன் நிறக் கல்லில் மீன் சினை போலப் பொடி உருண்டைகள் தெரியும். ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல் அது. தனுஷ்கோடி தேவாலயத்தின் பவளக்கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே ஸ்டாப்பில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பின் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

அங்கே மதியம் என்ன சாப்பிடுவது? நாங்கள் ஹலால் பார்ப்பவர்கள்.
வாசகர், தொண்டி

பல பப்களில் இரண்டரை வாக்கில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், ஒரு மணிக்கே உட்காருங்கள். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கும் பீன்ஸும் டீக்கடைகளில் கிடைக்கும். சிப்ஸ் (அங்கே ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் மாதிரி) வாங்குமுன் எதில் பொரித்தது என்று கேளுங்கள். சில கடைகளில் எண்ணெய்க்குப் பதில் மாட்டுக் கொழுப்பு.