பாசி வியாபாரியிடம் முன்பணம் வாங்கலாமா?

கேள்வி: ராமநாதபுரம் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைக்கிறேன். மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது, இரும்புச் சுரண்டி கொண்டு போகக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் பேசி வைத்திருக்கிறோம். புதிதாக வந்த வியாபாரி 20,000 ரூபாய் முன்பணம் தருகிறேன் என்கிறார். "ஊர்க் கட்டுப்பாடு சட்டமா என்ன? எல்லா நாளும் இறங்குங்கள்" என்றும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

ஊர்க் கட்டுப்பாடு சட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்களை யாரும் சும்மா குறிக்கவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும்போது இறங்குகிறீர்கள். மற்ற நாட்களில் பாசி தழைக்கிறது. மரிக்கொழுந்து மெதுவாக வளர்வது. கல்லில் ஒட்டிய அடியை விட்டு மேலாகக் கையால் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். சுரண்டியால் வழித்தால் அடியோடு போய்விடும், பவளக்கல்லும் பெயரும். இங்கே தீர்ந்தால் வியாபாரி அடுத்த ஊருக்குப் போய்விடுவார், நீங்கள் எங்கே போவீர்கள்? பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு விருது கொடுத்தது, உங்களைப் போன்ற பெண்களின் இந்த மாதிரி முயற்சிக்காகத்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள், நம்பாதீர்கள். வட்டி விலையில் இருக்கிறது. கிலோவுக்கு வெளியில் கிடைப்பதைவிடக் குறைத்துப் போடுவார், ஈரம் என்று கொஞ்சம், மண் என்று கொஞ்சம் கழிப்பார். வேறு ஆளிடம் விற்க முடியாது, அதனால் கேட்கவும் முடியாது. பாசியை நன்றாகக் காயவைத்து, மண்ணை உதறி, நிறுப்பதற்கு முன்பே மூட்டையை அவிழ்த்துக் காட்டுங்கள். ஈரக் கழிவு என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. தராசில் காலாவதியாகாத அரசு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத புரோநோட்டிலோ கையெழுத்து, கைநாட்டு எதுவும் வேண்டாம். அவசரப் பணத்துக்கு உங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் கேளுங்கள். தாமதமாகும், ஆனால் பாசி உங்களுடையதாகவே இருக்கும்.

இன்னொன்று. முன்பணம் கொடுத்தவர் கொஞ்ச நாளில் "கடல் அட்டை கிடைத்தால் எடுத்து வையுங்கள்" என்று கேட்கலாம். கடலடியில் ஊரும் அந்த உயிரைப் பிடிக்க 2001 முதல் தடை. பையில் ஒன்று இருந்தாலும் காட்டுயிர்ச் சட்டத்தில் வழக்கு வரும், அகப்படுவது நீங்கள்தான், அவர் இல்லை. கைக்கு வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எல்லா நாளும் எடுக்கக் கூடியது ஒன்று உண்டு: கரை ஒதுங்கிய பாசி. காற்றுக்குப் பின் கட்டக்கோரைப் பாசி குவியும். அதை அள்ளுவதால் கடலில் வளரும் பாசிக்கு எந்தக் குறையும் இல்லை. வயதானவர்களுக்கு அதுதான் வருமானம். ஆனால் ஊர்க் கரையில் ஒதுங்கியதை மட்டும்தான் சொல்கிறேன், தீவுக் கரையில் ஒதுங்கியதை இல்லை. தோண்டி எடுத்ததையும் "ஒதுங்கியது" என்று கலந்து விற்பவர்கள் உண்டு. அடியைத் திருப்பிப் பாருங்கள், கல் துண்டு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பெயர்த்தது. மரிக்கொழுந்து மூட்டை மூட்டையாக ஒதுங்கியது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுத்துப் பிடிபட்டால் ஊர்க் கட்டுப்பாடு உங்களைக் காப்பாற்றாது. எல்லை எது என்று வனத்துறையிடம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கையெழுத்திட்டு எழுத்தில் கேளுங்கள். தண்ணீருக்குள் கோடு போட்ட அரசு அதைக் கடலில் இறங்குகிற பெண்களுக்குக் காட்டாமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டது, எனக்கு இது ஆறவே இல்லை. கழுத்தளவு நீரில் முங்கி வேலை செய்கிறவரை மீனவர் என்று எழுதவே பல அலுவலகங்களில் இன்னும் தயக்கம். மீனவர் நல வாரியத்தில் பதியச் சொன்னால் "படகு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். படகு இல்லாவிட்டாலும் பதியலாம் என்று சொல்லுங்கள். வாரிய உறுப்பினர் அட்டை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். வாங்கிய தொகை, கொடுத்த பாசியின் எடை, தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு போங்கள்.