டாங்கிள் செருகியிருக்கிறது, மென்பொருளோ 'கீ இல்லை' என்கிறது

கேள்வி: எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் டயக்னாஸ்டிக் மென்பொருள் விண்டோஸ் 7 போட்ட பழைய டெஸ்க்டாப்பில் ஓடுகிறது. லைசென்ஸ் ஹாஸ்ப் எச்எல் என்ற யூஎஸ்பி டாங்கிளில் (சாவிபோலச் செருகும் சிறு கருவி) இருக்கிறது. போன வாரத்திலிருந்து திறந்தாலே 'சென்டினல் கீ நாட் ஃபவுண்ட், எச்0007' என்று வருகிறது. வேறு லேப்டாப்பில் செருகினால் விளக்குகூட எரியவில்லை. டாங்கிள் போய்விட்டதா? ஃபார்மேட் செய்யலாமா?

பதில்: ஃபார்மேட் வேண்டாம். சென்டினல் என்பது ஹாஸ்ப்பின் புதுப் பெயர்தான். எச்0007 என்றால், மென்பொருள் கேட்டது, எந்த டாங்கிளும் பதில் சொல்லவில்லை என்று பொருள். மென்பொருள் கெடவில்லை. அழித்துவிட்டுப் பழைய சிடியைத் தேடினால் ஒரு கோளாறு இரண்டாகும்.

லேப்டாப்பில் விளக்கு எரியாததை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். ஹாஸ்ப் எச்எல்-லின் விளக்கு மின்சாரம் வந்ததும் எரிவதில்லை. டிரைவர் (டாங்கிளை விண்டோஸுக்கு அறிமுகம் செய்யும் சிறு மென்பொருள்) ஏறிய பிறகே எரியும். அந்த லேப்டாப்பில் டிரைவர் இல்லையென்றால் நல்ல டாங்கிளும் இருட்டாகத்தான் இருக்கும். இதைத் தெரியாமல் தூக்கி எறியப்பட்ட நல்ல டாங்கிள்கள் நிறைய.

முதலில் போர்ட். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டையும் ஹப்பையும் விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். நீல நிற 3.0 போர்ட்டுக்கு விண்டோஸ் 7-இல் தானாக வரும் டிரைவர் கிடையாது. தனியாகப் போடாவிட்டால் அந்த போர்ட் செத்த போர்ட்தான். ஒர்க்‌ஷாப் டாங்கிளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல் இருக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் முனையைத் துடைத்துக் காயவிடுங்கள்.

அடுத்து டிவைஸ் மேனேஜரை (விண்டோஸின் சாதனப் பட்டியல்) திறந்து வைத்துக்கொண்டு டாங்கிளைச் செருகுங்கள். எல்லாம் சரியென்றால் யூஎஸ்பி கன்ட்ரோலர்கள் பகுதியில் இந்த ஒரு டாங்கிளுக்கே மூன்று வரிகள் வரும்: எச்எல் கீ, ஹாஸ்ப் கீ, யூஎஸ்பி கீ. மஞ்சள் குறி இருந்தால் அதன் பிராப்பர்ட்டீஸில் எண்ணைப் பாருங்கள். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 64 பிட் விண்டோஸ் 7-இல் புது டிரைவர் போட்டால் இது வரும், மைக்ரோசாஃப்டின் கேபி3033929 அப்டேட்டைப் போட்டால் தீரும். கோட் 43 மட்டும்தான் கவலைக்குரியது. எல்லா போர்ட்டிலும் வேறு கம்ப்யூட்டரிலும் அதே 43 வந்தால் டாங்கிளின் உள்ளே கோளாறு. அதே பிராப்பர்ட்டீஸில் ஹார்ட்வேர் ஐடியில் (சாதனத்தின் அடையாளம்) 0529 என்ற எண் தெரிகிறதா? அப்படியானால் டாங்கிள் தன் பெயரைச் சொல்லிவிட்டது, உயிரோடுதான் இருக்கிறது. மீதி டிரைவர் வேலை.

டிரைவர் மாற்றும்போது வரிசை முக்கியம். டாங்கிளை உருவுங்கள். டயக்னாஸ்டிக் மென்பொருளை மூடுங்கள். கன்ட்ரோல் பேனலில் பழைய ஹாஸ்ப் அல்லது சென்டினல் ரன்டைமை (டாங்கிளின் டிரைவர் தொகுப்பு) நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதியதை அட்மினிஸ்ட்ரேட்டராக நிறுவி, மறுபடி ரீஸ்டார்ட். அதன் பிறகே டாங்கிள். முதலிலேயே செருகிவிட்டால் விண்டோஸ் தானாக எதையாவது பிடித்துக்கொண்டு வம்பு செய்யும். டிரைவர் தேடும்போது பெயர்கள் குழப்பும்: அலாடின் தயாரித்த ஹாஸ்ப், பிறகு சேஃப்நெட், 2015-இல் ஜெமால்ட்டோ, 2019-இல் தாலெஸ் கைக்குப் போனது. நான்கு நிறுவனத்தின் பெயரில் வந்தாலும் பொருள் ஒன்றுதான். மிகப் புதிய தொகுப்பு விண்டோஸ் 7-ஐ ஏற்கிறதா என்று வெளியீட்டுக் குறிப்பில் பார்த்துவிட்டுப் போடுங்கள். டிரைவர் திரட்டித் தரும் மூன்றாம் தரப்புத் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

விளக்கு எரிகிறது, ஆனாலும் கீ இல்லை என்கிறதா? பிரவுசரில் 127.0.0.1:1947 என்று அடியுங்கள். சென்டினலின் நிர்வாகப் பக்கம் திறந்து, கீ பட்டியலில் உங்கள் டாங்கிள் அதன் எண்ணோடு தெரிய வேண்டும். பக்கமே திறக்கவில்லை என்றால் லைசென்ஸ் மேனேஜர் சர்வீஸ் நின்றிருக்கிறது. சர்வீஸஸ் பட்டியலில் அதை ஸ்டார்ட் செய்து, ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். அடிக்கடி தானாக நின்றால் ஆன்டிவைரஸின் குவாரன்டைனை (அது தடுத்து வைத்த ஃபைல்கள்) பாருங்கள். சர்வீஸோடு பேச முடியாதபோது பெரும்பாலும் எச்0033 வரும். எச்0027 வந்தால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறீர்கள்; கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து திறங்கள். எச்0041 என்றால் லைசென்ஸ் காலம் முடிந்தது. ஆனால் பணம் கட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்: பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதி எங்கெங்கோ தாவும், தேதி பார்க்கும் மென்பொருள்கள் அதனாலும் முரண்டு பிடிக்கும்.

காலையில் ஓடி, சற்று நேரத்தில் டாங்கிள் 'காணாமல்' போனால் காரணம் பெரும்பாலும் மின்சேமிப்பு. பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் செய்யுங்கள்.

கோட் 43 உறுதியானால் மென்பொருள் விற்றவரிடம்தான் போக வேண்டும். டாங்கிளின் மேல் அச்சிட்ட எண்ணையும் பில்லையும் தயாராக வையுங்கள். கெட்ட டாங்கிளை எறியாதீர்கள். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டுதான் பலர் மாற்று தருகிறார்கள், இல்லையென்றால் புது லைசென்ஸ் விலை கேட்பார்கள்.