சிவில் முடித்தவர் சைட் வேலைக்குள் நுழைவது எப்படி?

சிவில் முடித்து ஒரு வருடம் ஆகிறது, கேம்பஸுக்கு வந்ததெல்லாம் ஐ.டி. கம்பெனிகள், சைட்டிலோ தொழிற்சாலையிலோ சேர என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு கான்ட்ராக்டரிடம் பில்லிங், பிளானிங் பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவிலும் உட்காருவேன்.

முதலில் அப்ரெண்டிஸ், அதாவது மாத உதவித்தொகையோடு வேலைப் பயிற்சி. அது ஐ.டி.ஐ. படித்தவர்களுக்குத்தான் என்று பி.இ. முடித்தவர்கள் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தில் பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-இல் விதி வந்தது. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்றுக்கொள்வதால், உங்களை எடுப்பதில் அவர்களுக்கும் லாபம்தான். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ‘நாட்ஸ்’ (NATS, மத்திய அரசின் அப்ரெண்டிஸ் பயிற்சித் திட்டம்) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வருடப் பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனம் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று அடுத்த இடத்தில் கேட்டால் காட்டக் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

அடுத்தது சப்-கான்ட்ராக்டர்கள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை எழும்புகிறது என்றால் வாசல் போர்டில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். உள்ளே கம்பி வேலை, ஷெட், ஃபயர் லைன், பெயின்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். இவர்களுக்கு ஜூனியர் இன்ஜினியர் எப்போதும் தேவை, ஆனால் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். "நல்ல பையன் இருந்தா சொல்லுங்க சார்" என்று போனில் கேட்பதோடு சரி. அதனால் சைட்டில் இருக்கும் உங்கள் சீனியர்களிடம் சொல்லி வையுங்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு அம்பத்தூர், ஓசூர், கோவைப் பட்டறைகளிலும் இதே கதைதான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்கள் தொழிற்சாலை வேலைக்குப் பரவாயில்லை. கட்டுமானக்காரர்களை நான் அங்கே அதிகம் பார்த்ததில்லை.

இன்டர்வியூவில் நான் ஒரு பீம் டிராயிங்கை நீட்டி, இதில் எத்தனை கிலோ கம்பி என்று கேட்பேன். கம்பியின் விட்டத்தை (மில்லிமீட்டரில்) அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை வந்துவிடும். 12 எம்.எம். கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க, சுமார் 0.89 கிலோ. அப்புறம் ஹூக் (வளைத்த முனை), லேப் (இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் நீளம்) எல்லாம் சேர்த்து வெட்டும் நீளம் சொல்லத் தெரிய வேண்டும். கான்கிரீட்டின் பலம் பார்க்க 28 நாள் டெஸ்ட் என்று மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள், அதற்கு வார்க்கும் கியூப் என்ன சைஸ் என்றால் முழிக்கிறார்கள் (150 எம்.எம்.). நாலு சாஃப்ட்வேர் சான்றிதழோடு வருபவரும் இங்கேதான் மாட்டுகிறார். வீட்டுப் பக்கத்தில் கட்டடம் நடந்தால், மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் கூடவே நில்லுங்கள். கம்பி கட்டும்போது கவர் பிளாக் (கம்பியைச் சுற்றி கான்கிரீட் மூட இடம் விடும் சிறு கட்டை) எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி பயம் போய்விடும்.

ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாகத்தான் இருக்கும், பல சைட்டுகளில் ஞாயிறும் வேலைதான். சேரும் முன் தங்குமிடம், சாப்பாடு, பி.எஃப். மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெண்கள், சைட்டில் கழிப்பறை இருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். வேலைக்குச் சேர்க்க டெபாசிட் கட்டு என்று யார் சொன்னாலும், அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.